மாணவரை நாடும் விந்து, கருமுட்டை விளம்பரங்கள்

மகப்பேறு வாய்க்காத தம்பதிகளுக்குப் பிறர் அளிக்கும் விந்தும் கருமுட்டையும் பேருதவியாகும் என்பதில் ஐயமில்லை. ஆயின், அவற்றை அளிக்க வருமாறு மாணவர்களை விளம்பரத்தால் அழைப்பது வேறு விஷயம். உயரம், நிறம், படிப்பு ஆகியவற்றை விரும்பத்தக்க தகுதிகளாகக் குறித்து, அடியில் ஒரு தொகையையும் தொலைபேசி எண்ணையும் காட்டும் அறிவிப்பு, 'தானம்' என்னும் சொல்லைத் தலைப்பில் தாங்கி வருமானால், அச்சொல்லுக்கும் அத்தொகைக்கும் உள்ள உறவு யாது என வினவ வேண்டியுள்ளது.

மாணவரை நாடும் வழக்கம் புதிதன்று. 1884-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், வேற்று ஆடவரின் விந்தைக் கொண்டு மருத்துவர் ஒருவர் கருவூட்டினார். விந்தளித்தவர் ஒரு மருத்துவ மாணவரே. மயக்க மருந்தின் வசத்திலிருந்த அப்பெண்ணிடம் எதுவும் கூறப்படவில்லை. 1909-இல்தான் செய்தி அச்சேறியது. மாணவர் எளிதில் கிடைப்பவர், உடல்நலமுள்ளவர், பணமுடை உள்ளவர். இம்மூன்றில் கடைசிக் காரணத்தை மட்டும் எந்த விளம்பரமும் வெளிப்படக் கூறுவதில்லை.

நம் நாட்டில் செயற்கைமுறைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி விந்தளிப்பவர் 21 முதல் 55 வயதுக்குள்ளும், கருமுட்டை அளிப்பவர் 23 முதல் 35 வயதுக்குள்ளும் இருத்தல் வேண்டும். ஒரு பெண் தம் வாழ்நாளில் ஒரே முறைதான் கருமுட்டை அளிக்கலாம். எடுக்கப்படுவன ஏழுக்கு மேற்படலாகாது. இனச்செல்களின் விற்பனையும் தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே, பட்டப்படிப்பு மாணவியர் விடுதியருகே ஒட்டப்படும் கருமுட்டை விளம்பரம், பெரும்பாலும் சட்டம் ஏற்காத வயதினரையே அழைக்கிறது. வயது வரம்பு வெறும் சம்பிரதாயமன்று. 2010-இல் மும்பையில் 17 வயதுப் பெண்ணொருத்தி கருமுட்டை அளித்த சில நாட்களுக்குள் உயிரிழந்தாள்.

இருபாலாரையும் ஒரே வாக்கியத்தில் அழைக்கும் விளம்பரம் மற்றோர் உண்மையையும் மறைக்கிறது. ஆடவருக்குப் பரிசோதனைகளன்றி உடல் வருத்தம் ஏதுமில்லை. பெண்ணோ ஏறத்தாழப் பத்து நாட்கள் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டு, பின்னர் மயக்க நிலையில் சூற்பையிலிருந்து ஊசி வழியே முட்டைகளை எடுக்க இசைய வேண்டும். சிலருக்குச் சூற்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும். அரிதாக அது உயிருக்கே ஆபத்தாகும்.

கல்லூரிகளில் இரத்ததான முகாம் நடத்தலாம், இதை மட்டும் ஏன் தடுக்க வேண்டும் என்பர் சிலர். உவமை பொருத்தமாகத் தோன்றினும், அது அவர்களுக்கே எதிராகத் திரும்புகிறது. பணத்துக்கு இரத்தம் விற்பது 1998 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டதே. முகாமில் பழச்சாறு தருவார்களேயன்றி விலை பேசுவதில்லை. மேலும், அளித்த இரத்தம் பெற்றவர் உடலோடு முடிந்துவிடும். இங்கோ ஒரு குழந்தை பிறக்கிறது. அக்குழந்தையின்மீது அளித்தவருக்கு எவ்வுரிமையும் இல்லையெனச் சட்டம் கூறிவிடலாம்; அக்குழந்தை வளர்ந்தபின் கேட்கக்கூடிய கேள்விகளுக்குச் சட்டத்தால் விடையளிக்க இயலாது. பிரிட்டன் 2005-இல் அளிப்பவரின் பெயர் மறைக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. மரபணுப் பரிசோதனை எங்கும் பரவிவரும் இக்காலத்தில், பெயர் வெளிவராது என்னும் உறுதிமொழியை நம்பத்தகுந்ததாகக் கொள்ள முடியாது. தேர்வுக் கட்டணத்துக்கு வழிதேடும் 21 வயது இளைஞர், தமது நாற்பதாம் வயதில் வீட்டுக் கதவைத் தட்டக்கூடிய ஒருவரைப் பற்றி எங்ஙனம் எண்ணிப் பார்ப்பார்?

இதனால் எவ்வித அறிவிப்புமே கூடாதென்பது பொருளன்று. ஒரே முறை, ஒரே தம்பதிக்கு என்று வரையறுத்த பிறகு, அளிக்க முன்வருவோர் அரியராகவே இருப்பர். அறிவிப்பின்றி அவர்களைக் காண்பது கடினம். அவ்வறிவிப்பு மருத்துவமனையில் இருக்கட்டும். தொகைக்குப் பதிலாக வயது வரம்பும், உடலுக்கு நேரக்கூடிய தீங்கும், கருமுட்டை அளிப்பவருக்கு 12 மாதக் காப்பீடு எடுத்துத் தரவேண்டியவர் கருமுட்டை பெறுவோரே என்பதும் அதில் அச்சாகட்டும். இவற்றைக் கண்டபின்னும் முன்வருபவரைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை.

விடுதிச் சுவரிலோ மாணவர் கைபேசியிலோ இத்தகைய விளம்பரத்தைக் காணும் ஆசிரியரும் களப்பணியாளரும், முதலில் அதில் சட்டப்படிப் பதிவுபெற்ற வங்கியின் பெயரும் பதிவு எண்ணும் உள்ளனவா என நோக்குதல் நலம். வெறும் கைபேசி எண் மட்டுமே இருப்பின், அதை அனுப்பியவர் பெரும்பாலும் தரகராகவே இருப்பார். மாவட்ட சுகாதார அதிகாரிக்கு அன்றே தகவல் தரலாம்.