உதைப்பதற்கு முன்

நம் ஊரில் எதுவும் நகராவிட்டால் உதைத்துப் பார்ப்பது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. மாடு நகராவிட்டால் உதை. பையன் படிக்காவிட்டால் உதை. மோட்டார் சைக்கிள் கிளம்பாவிட்டால் உதை. மாட்டுக்காகவும் பையனுக்காகவும் வேறொரு சமயம் சண்டை போடுகிறேன். மூன்றாவதைப் பற்றி இன்று சொல்லியே தீரவேண்டும்.

சென்ற மாதம் கும்பகோணத்தில் தூரத்து உறவான ஒரு தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கணவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அவருடைய புல்லட், நடையில் கோணி போர்த்தியபடி நின்றுகொண்டிருந்தது. திருவொற்றியூரில் செய்த பழைய வார்ப்பிரும்பு என்ஜின். 1955இல் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டாகச் சென்னையில் தொடங்கி, அங்கே ரெட்டிச் ஊர்த் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்ட பிறகும் இங்கே நிற்காமல் வந்துகொண்டிருந்த ஜாதி.

"அண்ணா, இதை இரும்பு விலைக்குப் போட்டுவிடச் சொல்கிறார்கள்" என்றாள். யார் சொன்னது? தெருமுனை மெக்கானிக். இரண்டு நாள் மகன் உதைத்திருக்கிறான். மூன்றாம் நாள் மெக்கானிக் வந்து பத்து உதை உதைத்துவிட்டு, "அம்மா, என்ஜின் ஜாம் ஆயிடுச்சு. இறக்கி போரிங் பண்ணணும். செலவு பண்ணிக் கட்டுப்படியாகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. வைத்தியர் நாடி பார்க்காமலே பாடை கட்டச் சொன்ன கதைதான். பையனின் கணுக்கால் வேறு வீங்கியிருந்தது.

மாதக்கணக்கில் நின்ற என்ஜினை உதைப்பது மூடத்தனம் மட்டுமல்ல, நாசவேலை. சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் எப்போதோ வடிந்துவிட்டது. அங்கங்கே லேசாகத் துருவும் பூத்திருக்கும். அந்த உலர்ந்த சுவரில் பிஸ்டன் வளையங்களை ஐம்பது தடவை இழுத்தால் என்ன ஆகும்? இல்லாத வியாதியை நாமே உண்டாக்கிவிட்டு, "பார்த்தாயா, அப்போதே சொன்னேனே, போரிங்தான்" என்று பெருமை அடித்துக்கொள்ளலாம்.

இந்தப் பழைய புல்லட்டில் இன்னொரு விசேஷம் உண்டு. எண்ணெய்த் தொட்டி என்ஜினோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். வண்டி வெகுகாலம் நின்றால் தொட்டியில் இருக்கும் எண்ணெய், பம்பு வழியாக மெள்ளக் கசிந்து கிராங்க் சுழலும் அறையில் இறங்கிவிடும். அளவுக்கோலை எடுத்துப் பார்ப்பவர் தொட்டி காலி என்று எண்ணி, மேலே ஒரு லிட்டரை ஊற்றுகிறார். அப்புறம் உதைத்தால் கிக்கர் பாறாங்கல்லாகக் கனக்கிறது. ஜாம் என்று சொல்லப்பட்டதில் பாதி இதுதான். அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றினேன்; கறுப்பு எண்ணெய் கிண்ணம் கிண்ணமாக இறங்கியது. மற்றப் பாதி, டீகம்ப்ரஸர் பிடியைத் தொடாமல் அழுத்தத்தின் உச்சியில் வைத்தே கிக்கரை மிதித்ததன் பலன். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறப்போட்டுக் காலையில் கையாலேயே கிக்கரை அழுத்தினேன். சுற்றியது.

பிறகு பெட்ரோல். டாங்க்கில் இருந்தது பெட்ரோல் அல்ல. வார்னிஷ் வாடை அடிக்கும் ஒரு பழுப்புக் கஷாயம். நிற்கிற பெட்ரோலில் சீக்கிரம் பற்றக்கூடிய இலேசான பாகம் முதலில் ஆவியாகிவிடும். மிச்சம் பிசினாகி, கார்புரேட்டரின் பைலட் ஜெட்டை அடைக்கும். ஊசி முனைகூட நுழையாத துளை அது. அதைக் கம்பியால் குத்துகிறவர்களுக்குத் தனி நரகம் உண்டு என்று நம்புகிறேன். துளை பெரிதானால் ஜெட் உதவாது. கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊத வேண்டும்.

இப்போதெல்லாம் தொல்லை இன்னும் அதிகம். 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் வஸ்து. ஈரம் அளவுக்கு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் குழாய் எங்கிருந்து உறிஞ்சுகிறது? அந்த அடியிலிருந்துதான்.

தீப்பொறியின் கதை சுருக்கம். பாயிண்ட்டில் கறை படிந்திருந்தது. துடைத்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்குச் சரிசெய்தேன். பாட்டரி செத்தே போயிருந்தது. வேறு ஒன்று வாங்கிப் பொருத்தினோம். சைலன்ஸர் வாயில் குளவி கட்டியிருந்த மண்கூட்டைப் பையன்தான் கண்டுபிடித்தான். நல்ல பெட்ரோல் ஒரு லிட்டர் ஊற்றியபின் ஏழாவது உதைக்கு என்ஜின் பிடித்துக்கொண்டது. கிளம்பிய புகையில் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மெக்கானிக்குகளின் கட்சியையும் சொல்லிவிடுகிறேன், அது நியாயமானது. "அரை நாள் உட்கார்ந்து பார்த்து, ஜெட்டை ஊதிவிட்டு, இவ்வளவு கொடு என்று கேட்டால் கொடுப்பாயா? 'ஊதினதற்கா இவ்வளவு' என்பாய். என்ஜினை இறக்கினால் பேசாமல் எண்ணி வைப்பாய்." உண்மைதான். கழற்றிய சாமான்களைக் கண்ணால் பார்த்தால்தான் நமக்குப் பணம் கொடுக்கக் கை வருகிறது. ஆகவே அவர் கழற்றுகிறார். ஆனாலும், பார்க்கக் கூலி வேண்டும் என்று கேட்பது வேறு. பார்க்காமலே ஜாம் என்று சொல்வது வேறு. முன்னதற்கு நான் அவர் பக்கம். பின்னதற்கு ஒரு விதவையின் வீட்டில் அவருக்கு உரிமை கிடையாது.

வண்டி வைத்திருக்கும் கனவான்கள் தப்பித்துக்கொள்ள வேண்டாம். வாரம் ஒரு தடவை இரண்டு நிமிஷம் உறுமவிட்டு, கடமை முடிந்தது என்று உள்ளே போகிறார்களே, அது வைத்தியமே அல்ல. எண்ணெய் சுடுவதற்குள் நிறுத்தினால் எரிந்த வாயுவின் ஈரம் உள்ளேயே தங்கும். ஓட்டுவதானால் அரை மணி ஓட்டுங்கள். இல்லையென்றால் கார்புரேட்டரை வடித்துப் பாட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

தங்கை வண்டியை விற்கப் போவதில்லை. பையன் லைசென்ஸ் எடுக்க இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதுவரை கார்புரேட்டர் உலர்ந்து கிடக்கும். பாட்டரி பக்கத்து எலக்ட்ரிக் கடையில் மாதம் ஒரு முறை சார்ஜ் ஏறும். கிக்கரில் ஒரு துணியைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.