பேராசிரியர் பட்டமும் வாக்கு வங்கியும்

தேர்தல் நெருங்கிவிட்டால் தொலைக்காட்சி அரங்குகளில் அரசியல் அறிவியல் பேராசிரியர்களுக்குப் பஞ்சமிருப்பதில்லை. கட்சிக்காரர் பேசினால் ஐயத்தோடு கேட்கும் நம் மக்கள், பேராசிரியர் பேசினால் கல்வியே வாய் திறந்ததாக எண்ணிச் செவி சாய்க்கின்றனர். அந்த நம்பிக்கைக்கு இவர்களில் பலர் செய்யும் கைம்மாறு என்ன?

"முஸ்லிம் வாக்கு வங்கி எந்தப் பக்கம்?" என்று நெறியாளர் வினவுகிறார். "அப்படியொரு வங்கி உண்டா?" என்று திருப்பிக் கேட்க வேண்டியவர், கணமும் தயங்காமல் விடை பகர்கிறார். அந்தச் சொல்லின் வரலாறு அவர் அறியாததா? 1955-இல் மைசூர்ப் பகுதிக் கிராமமொன்றைப் பற்றிய தம் கட்டுரையில் அதனை ஆண்டவர் சமூகவியல் அறிஞர் எம். என். சீனிவாஸ். ஊர்ப் பெரிய மனிதர் தம்மை அண்டி வாழ்வோரின் வாக்குகளைக் கட்சிக்குத் திரட்டித் தரும் முறையையே அவர் அவ்வாறு குறித்தார். ஒரு மதத்தாரை அன்று! ஆய்வில் பிறந்த சொல் மேடையில் வசையானது அரசியல்வாதிகளின் திருப்பணி. அதைத் திருத்த வேண்டிய ஆசிரியர்களே வழிமொழிவதுதான் கொடுமை.

எங்கள் முத்துப்பேட்டையையே எடுத்துக்கொள்வோம். திருத்துறைப்பூண்டி சட்டமன்றத் தொகுதி, நாகப்பட்டினம் நாடாளுமன்றத் தொகுதி இரண்டும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. 1950-ஆம் ஆண்டு ஆணையின்படி முஸ்லிம் ஒருவர் அப்பட்டியலில் இடம்பெற முடியாது. ஆகவே இங்கே வேட்பாளராக நிற்கவும் முடியாது. ஒதுக்கீட்டின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. மார்க்கம் பார்த்து வாக்களிக்க வேட்பாளரே இல்லாத ஊரில் 'மத வாக்கு' எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறோம். சட்டமன்றத்திற்கு 2011-இல் இந்தியக் கம்யூனிஸ்ட், 2016-இல் தி.மு.க., 2021-இல் மீண்டும் இந்தியக் கம்யூனிஸ்ட். நாடாளுமன்றத்திற்கு 2014-இல் அ.தி.மு.க., 2019-இலும் 2024-இலும் இந்தியக் கம்யூனிஸ்ட். காவிரி நீர், நெல்லின் விலை, 2018-இல் கஜா புயல் சாய்த்த தென்னைகள் ஆகியவை வாக்காளன் உள்ளத்தில் இல்லை என்று எந்த ஆய்வைக் கொண்டு இவர்கள் முடிவு கட்டினர்?

"நேரம் குறைவு, சுருக்கமாகத்தானே சொல்ல முடியும்?" என்பர். சுருக்கம் குற்றமன்று, சான்றின்றி உறுதி கூறுவதே குற்றம். அமெரிக்க அறிஞர் பிலிப் டெட்லாக் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் 284 வல்லுநர்களின் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணிப்புகளைச் சோதித்து 2005-இல் நூலாக்கினார். ஊடகப் புகழ் மிக்கோரின் கணிப்பு மற்றவர்களுடையதைவிடத் தாழ்ந்தே இருந்தது. நம் நாட்டிலோ 2024 ஜூன் 1 அன்று தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன பல கணிப்புகள். அவற்றுக்கு அரங்குகளில் விளக்கவுரையும் தாராளமாகக் கிடைத்தது. ஜூன் 4 அன்று வந்ததோ 293. உரை சொன்னோரில் எத்தனை பேர் பின்னர் விளக்கம் தந்தனர்?

பேராசிரியப் பெருமக்கள் வாய்மூடி இருக்க வேண்டுமென்பதன்று நம் வாதம். பொதுமக்களின் வரிப்பணத்தில் வளர்ந்த கல்வி பொதுமக்களிடம் வந்தே தீர வேண்டும். ஆனால் வரும்போது சான்றோடு வரட்டும். சென்ற முறை சொன்னது பொய்த்திருந்தால் அதைச் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். அறியாததை அறியேன் என்னும் துணிவு பெறட்டும். வகுப்பறையில் மாணவன் ஆதாரமின்றி எழுதினால் மதிப்பெண்ணைக் குறைப்பவர்கள், அரங்கில் தமக்கும் அதே அளவுகோலைப் பிடிக்கட்டும். அதற்கு இசையாதவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லட்டும்!