எலியட்டுக்கு எலியட் எழுதிய உரை

இந்த இதழ் டி. எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ பற்றியது. கட்டுரை கேட்டு எழுதியபோது எல்லோரிடமும் ஒரு நிபந்தனை வைத்தோம். எலியட்டின் விமர்சனக் கட்டுரைகளைச் சான்றாகக் காட்டாமல் கவிதையைப் பற்றி எழுத வேண்டும் என்பதே அது. சிலர் தயங்கினார்கள். கவிஞர் தன் கலையைப் பற்றி அவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கும்போது அதை ஏன் விலக்க வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்தத் தலையங்கம் அதற்கான பதில்.

1919இல், தான் துணையாசிரியராக இருந்த ‘தி ஈகோயிஸ்ட்’ என்ற சிற்றிதழில் எலியட் ‘மரபும் தனித்திறனும்’ கட்டுரையை இரண்டு பகுதிகளாக வெளியிட்டார். கவிஞனின் மனத்தை வேதிவினைக் கலத்தில் கிடக்கும் பிளாட்டினத் துண்டாக அதில் காட்டினார். அது இருப்பதால் வாயுக்கள் கூடி அமிலமாகின்றன. பிளாட்டினம் மட்டும் மாறாமல் இருக்கிறது. துன்பப்படுகிற மனிதன் வேறு, படைக்கிற மனம் வேறு என்பது இதன் சாரம். மூன்று ஆண்டுகள் கழித்து ‘பாழ்நிலம்’ வந்தபோது அதைப் படிக்கும் முறையைக் கவிஞரே முன்கூட்டி வகுத்து வைத்திருந்தார். போருக்குப் பிந்தைய ஐரோப்பாவின் வறட்சி, ஒரு நாகரிகத்தின் சிதைவு என்றே பல பத்தாண்டுகள் வகுப்பறைகளில் அது விளக்கப்பட்டது. அதற்குள் ஒரு மனிதன் வலியில் கிடக்கிறான் என்று சொன்னால், கவிதை படிக்கத் தெரியாதவர் என்ற பெயர்தான் கிடைத்திருக்கும்.

கவிதைக்கு எலியட் எழுதிய குறிப்புகளின் கதையும் இப்படித்தான். 1922 அக்டோபரில் லண்டனில் எலியட் தொடங்கிய ‘தி கிரைட்டீரியன்’ முதல் இதழிலும், அமெரிக்காவில் ‘தி டயல்’ இதழிலும் கவிதை குறிப்புகள் இல்லாமல்தான் வெளியானது. டிசம்பரில் நியூயார்க்கில் நூலாக வந்தபோதுதான் அவை சேர்ந்தன. புத்தகத்துக்குப் பக்கம் போதவில்லை என்பதற்காக நீட்டியவை அவை என்றும், வாசகர்களைச் சீட்டுக் கட்டின் பின்னாலும் புனிதக் கிண்ணத்தின் பின்னாலும் வீணாக அலையவிட்டதற்கு வருந்துவதாகவும் 1956இல் மினியாபொலிஸில் பல்லாயிரம் பேர் கூடிய அரங்கில் எலியட்டே சொன்னார். ஆனாலும் அந்த அலைச்சல் இன்னும் நிற்கவில்லை.

ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லத் தகுந்தவர்கள் யார் என்று நன்னூல் ஒரு பட்டியல் தருகிறது: ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன். நூலை எழுதியவன் அதில் இல்லை. தற்புகழ்ச்சியைத் தவிர்க்கும் ஒழுக்கம் மட்டுமே இதற்குக் காரணம் என்று நாங்கள் நினைக்கவில்லை. படைத்தவனுக்குத் தன் படைப்பில் மறைக்க வேண்டியதும் இருக்கும்.

எலியட் எதை மறைத்தார்? 1921 இலையுதிர் காலத்தில் நரம்புத் தளர்ச்சியால் லாயிட்ஸ் வங்கி வேலையிலிருந்து விடுப்பு எடுத்து, முதலில் மார்கேட் கடற்கரையிலும் பிறகு லொசானில் ஒரு மருத்துவரிடமும் தங்கியபோது கவிதையின் பெரும்பகுதியை எழுதினார். திரும்பும் வழியில் பாரிஸில் எஸ்ரா பவுண்ட் அதை ஏறக்குறையப் பாதியாக வெட்டினார். இது பலரும் அறிந்தது. குறைவாகப் பேசப்படுவது, அந்தக் கைப்பிரதியில் இருக்கும் இன்னொருவரின் கையெழுத்து. அது எலியட்டின் மனைவி விவியனுடையது. இரண்டாம் பகுதியில் ஓர் அறைக்குள் பதற்றத்தோடு கேள்விமேல் கேள்வி கேட்கும் மனைவியும், வாய்திறந்து பதில் சொல்லாத கணவனும் வருகிறார்கள். அந்தப் பக்கங்களின் ஓரத்தில் விவியன் மனம் திறந்து பாராட்டி எழுதியிருக்கிறார். அதையடுத்து வரும் மதுக்கடைப் பேச்சில் அவர் எழுதித் தந்த வரியையே எலியட் பயன்படுத்தினார். ஒரு வரியை மட்டும் நீக்கச் சொன்னார் விவியன். கணவனுக்கும் மனைவிக்கும் இடையே துணையாக இருப்பவை சதுரங்கக் காய்கள்தாம் என்ற பொருள்பட வரும் வரி அது. எலியட் நீக்கிவிட்டார்.

1960இல், லண்டன் நூலகத்துக்கு நிதி திரட்டுவதற்காகக் கவிதை முழுவதையும் எலியட் தன் கையால் படியெடுத்தார். மூலக் கைப்பிரதி அப்போது அவரிடம் இல்லை. அது தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. நியூயார்க் பொது நூலகத்தில் அது இருக்கும் செய்தி அவர் இறந்து மூன்றாண்டுகளுக்குப் பிறகு, 1968இல்தான் வெளியானது. படியெடுக்கும்போது அந்தச் சதுரங்க வரியை நினைவிலிருந்தே எடுத்து அதன் பழைய இடத்தில் எழுதினார். விவியன் மனநோய் விடுதியில் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வரி இல்லாமல் கவிதை அச்சாகி 38 ஆண்டுகள். பிளாட்டினம் மாறுவதில்லை என்று எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த அறைக் காட்சியை ஐரோப்பிய நாகரிகத்தின் சின்னமாக மட்டும் படிக்க எங்களால் முடியவில்லை.

இதனால் கவிதையை வாழ்க்கைக் குறிப்பாகச் சுருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த ஆபத்து இப்போது பெரிதாகவே இருக்கிறது. எலியட் காதலித்த எமிலி ஹேலுக்கு அவர் எழுதிய 1,131 கடிதங்கள் பிரின்ஸ்டனில் 2020 ஜனவரி 2 அன்று திறக்கப்பட்டன. அன்றே, 1960இல் எழுதி முத்திரையிட்டு வைத்திருந்த எலியட்டின் மறுப்பறிக்கையும் ஹார்வர்டிலிருந்து வெளியானது. எமிலியை மணந்திருந்தால் தனக்குள் இருந்த கவிஞன் செத்திருப்பான் என்று அதில் எழுதியிருந்தார். கடிதங்களில் உருகியவரும் அறிக்கையில் விலகியவரும் ஒருவரே. இரண்டில் எது உண்மை என்று தீர்ப்பளிப்பது விமர்சகரின் வேலை அல்ல. ‘கவிதையில் ஹயாசிந்த் பூக்களோடு வரும் பெண் எமிலிதான்’ என்று கண்டுபிடித்ததால் அந்தப் பகுதியின் பேச்சற்ற நிலையை யாரும் தீர்த்துவிடவில்லை. அந்தப் பேச்சற்ற நிலையை ஒலியாலும் வரி முறிவாலும் எப்படிக் கட்டினார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

எனவே எலியட்டின் விமர்சனத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கவிதைக்குத் தேவைப்படும் அதே கவனத்தோடு அதையும் பொருள்கொள்ள வேண்டும் என்கிறோம். 1919 கட்டுரையிலேயே, ஆளுமையும் உணர்ச்சிகளும் உள்ளவர்களுக்குத்தான் அவற்றிலிருந்து தப்பிக்க விரும்புவது எப்படிப்பட்டது என்று தெரியும் என எலியட் சொல்லியிருக்கிறார். கோட்பாட்டை ஒப்பித்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போனார்கள். அந்தக் கோட்பாடே தப்பிக்க விரும்பிய ஒருவரின் தன்வரலாறு.

இதில் அறம் சார்ந்த ஒன்றும் அடங்கியிருக்கிறது. 1920இல் வெளியான கவிதைகள் சிலவற்றில் யூத வெறுப்பு இருக்கிறது. பேசுவது பாத்திரம், கவிஞர் அல்ல என்ற வாதம் அங்கே கேடயமாக எடுத்து நீட்டப்பட்டது. 1933இல் வர்ஜீனியாவில் ஆற்றிய உரைகளில் அதே வெறுப்பைப் பாத்திரத்தின் முகமூடி இல்லாமல் எலியட் பேசினார். அந்த உரைகள் நூலாக வந்தன; அதை அவர் மறுபதிப்புச் செய்யவில்லை. தன்னிலை நீங்கிய கவிதை என்ற கருத்து இந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்காது.

தமிழில் இந்தப் பிரச்சினை நமக்கு அந்நியம் அல்ல. 1962இல் ‘எழுத்து’ இதழில் வந்த சி. மணியின் ‘நரகம்’ கவிதை பற்றிய பேச்சு பெரும்பாலும் அது எலியட்டிடம் பட்ட கடன் எவ்வளவு என்ற கணக்காகவே முடிந்தது. நகரத்து மாலையில் காமத்தோடு அலைகிற இளைஞனின் வேதனையை எத்தனை பேர் நின்று படித்தோம்? மணியும் விமர்சகர், யாப்பைப் பற்றி நூல் எழுதியவர். அவர் கவிதைகளையும் அந்த நூலின் துணை இல்லாமல் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

கடைசியாக, எங்கள் வாசிப்பு ஒன்றை விவாதத்துக்கு வைக்கிறோம். ‘பாழ்நில’த்தின் இறுதியில் இடி சொல்லும் மூன்று கட்டளைகள் பிருகதாரண்யக உபநிடதத்தைச் சேர்ந்தவை. அங்கே பிரஜாபதி ‘த’ என்ற ஒரே எழுத்தைச் சொல்கிறார். தேவர்கள் அதை ‘அடங்குங்கள்’ என்றும், மனிதர்கள் ‘கொடுங்கள்’ என்றும், அசுரர்கள் ‘இரங்குங்கள்’ என்றும் கொள்கிறார்கள். எலியட் வரிசையை மாற்றுகிறார்: கொடுத்தல், இரங்கல், அடங்கல். ஹார்வர்டில் சார்லஸ் லான்மனிடம் சமஸ்கிருதம் படித்தவர் அவர், அறியாமல் மாறியிருக்காது. அவருடைய குறிப்பு உபநிடதத்தின் பெயரைச் சொல்கிறது, வரிசை மாறியதைச் சொல்லவில்லை. விமர்சகர் எலியட்டுக்கு எப்போதும் முதன்மையானது அடக்கம். கவிஞர் எலியட் அதைக் கடைசிக்குத் தள்ளி, மனிதர்களுக்குச் சொல்லப்பட்டதை முதலில் வைத்து, அதன் கீழே ஒரு கணம் தன்னை இழந்து ஒப்புக்கொடுத்ததைப் பற்றிப் பேசுகிறார். அந்த இடத்தில் கவிதை விமர்சகரை மறுக்கிறது என்பது எங்கள் வாசிப்பு. இதை ஏற்காதவர்கள் எழுதுங்கள். அடுத்த இதழில் அதற்குப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.