கதிர்வீச்சு: எதற்கு அஞ்ச வேண்டும்?

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு அச்சம் வருகிறது. அந்த அச்சத்தை வைத்து வியாபாரமும் நடக்கிறது. 5ஜி அலைகளிலிருந்து காக்கும் பதக்கம், சோர்வைப் போக்கும் 'எதிர்மின் அயனி' வளையல் என்று இணையத்தில் பல பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. புலனத்தில் வரும் விளம்பரத்தை நம்பி அவற்றை வாங்கி அணிவோரும் உண்டு.

2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய 10 பொருள்களை அணிய வேண்டாம் என எச்சரித்தது. அவை தாமே கதிர்வீச்சை வெளியிடுவது சோதனையில் தெரியவந்தது. அவற்றுள் சிறுவர்களுக்கான வளையலும் ஒன்று.

கைத்தொலைபேசி, வைஃபை ஆகியவற்றின் அலைகள் ஆற்றல் குறைந்தவை. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் வலு அவற்றுக்கு இல்லை. 2011இல் உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இவற்றை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது உண்மைதான். ஆனால், அதற்கான சான்றுகள் குறைவு என்பதையும் அவ்வமைப்பே கூறியது. எக்ஸ்ரேயும் கதிரியக்கப் பொருள்களின் கதிர்களும் வேறு வகை. அவை எலக்ட்ரானைப் பிரித்து உயிரணுவின் மரபணுவைச் சிதைக்க வல்லவை.

'எதிர்மின் அயனி' பொருள்கள் பலவற்றில் தோரியம் கலந்த கனிமத் தூள் இருக்கிறது. தோரியம் நமக்குப் புதிதன்று. வெள்ளீயச் சுரங்கக் கழிவிலிருந்து கிடைக்கும் மோனசைட்டில் அது உள்ளது. அதைப் பதப்படுத்திய ஆலையின் கழிவை எதிர்த்து ஈப்போவை அடுத்த புக்கிட் மேரா மக்கள் 1985இல் நீதிமன்றம் சென்றார்கள். 1994இல் ஆலை மூடப்பட்டது. வீட்டருகே வேண்டாம் என்று மக்கள் போராடிய பொருளை இன்று பணம் கொடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வது எவ்வளவு பெரிய வேடிக்கை!

அளவும் முக்கியம். மண், காற்று, உணவு, விண்வெளி ஆகிய இயற்கை மூலங்களிலிருந்து ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைப் பெறுகிறார். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் கிடைப்பது ஏறக்குறைய 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. மருத்துவர் அதை எடுக்கச் சொன்னால் மறுக்கத் தேவையில்லை. நெஞ்சு சிடி ஸ்கேனில் இது பல மடங்கு கூடும் என்பதால், அது அவசியந்தானா என்று கேட்பதில் தவறில்லை. கைத்தொலைபேசிக் கோபுரத்தைக் கண்டு அஞ்சும் நாம், தோல் புற்றுநோய்க்குக் காரணமாகும் புறஊதாக் கதிரை மறந்து நண்பகல் வெயிலில் தொப்பியின்றித் திடலில் நிற்கிறோம்.

எந்த வகைக் கதிர், எவ்வளவு, எவ்வளவு நேரம்? இந்த மூன்று கேள்விகளைக் கேட்கப் படிவம் 5 இயற்பியலே போதும். அணுக்கரு இயற்பியலைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு மறப்பதில் பயனில்லை. வீட்டில் இத்தகைய பதக்கம் இருந்தால், அணிய வேண்டாம் என்று பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். குடும்பத்தில் அதை விளக்கும் அறிவு பெற்றவர் நீங்களாகவே இருக்கலாம்.