பீடத்தில் உறையும் வரலாறு

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திற்குள் நுழையும் மாணவரின் கண்கள் முதலில் தேடுவன வாளும் துப்பாக்கியும் பீரங்கியுமே. அது இளமையின் இயல்பு. ஆயினும், படைக்கலங்களை மட்டும் வியந்து திரும்புவோர் அருங்காட்சியகத்தில் பாதியையே கண்டவராவர்.

அங்குள்ள முதற்காட்சிப்பொருள் அக்கட்டடமே எனலாம். 1795ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அது, வணிகர்கள் கூடிப் பேரம் பேசும் மாளிகையாக எழுந்தது. அதன் கூரைமீது கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு பல்லாண்டுகள் எரிந்தது. பின்னர்ப் படை அதிகாரிகளின் உணவுக்கூடமாக விளங்கி, 1948இல் அருங்காட்சியகமாயிற்று. வாணிகம் செய்ய வந்தோர் வாளேந்தி ஆளத் தொடங்கிய வரலாற்றுக்கு அச்சுவர்களே சான்று.

உள்ளே காரன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை ஓங்கி நிற்கிறது. அதனைச் செதுக்கியவர் தாமஸ் பேங்க்ஸ் என்னும் ஆங்கிலேயச் சிற்பி. சிலையைக் காண்போர் பலர் அதன் பீடத்தைக் காண்பதில்லை. திப்பு சுல்தானின் மைந்தர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தரவும் இசைந்தார். அத்தொகை முழுதும் செலுத்தப்படும்வரை சிறுவர் இருவரும் ஆங்கிலேயரின் பிடியில் இருக்க நேர்ந்தது. பெரியோர் நிகழ்த்திய போருக்குச் சிறுவர்கள் ஈடாயினர்.

இத்தகைய சிலைகள் அடிமைக்காலத்தின் சின்னங்கள். ஆதலால் அவற்றை அகற்றிவிட வேண்டும் என்பாரும் உளர். பொது இடத்தில் பெருமைக்குரியதாக நிறுத்துவது வேறு. அருங்காட்சியகத்தில் சான்றாகப் பாதுகாப்பது வேறு. வென்றவர் தம் புகழெனச் செதுக்கிய காட்சியே இன்று அவர்தம் கொடுமைக்கு வாக்குமூலமாகிறது. கல்லை அகற்றினால் அந்த வாக்குமூலமும் மறைந்துவிடும்.

சீருடைகளையும் பதக்கங்களையும் காணும்போதும் இவ்வாறே வினவுதல் வேண்டும். கம்பெனியின் சென்னைப் படையில் பெரும்பான்மையினர் இம்மண்ணின் சிப்பாய்களே. வெற்றியின் புகழ் தளபதியர்க்குச் சிலையாக நின்றது. போரில் மடிந்த சிப்பாய்களில் எத்தனை பேரை வரலாறு பெயர் சொல்லி நினைக்கிறது?

1947 ஆகஸ்டு 15 அன்று இக்கோட்டையில் ஏற்றப்பட்ட மூவண்ணக் கொடியும் அங்கேயே பேணப்படுகிறது. பீடத்தின் சிறுவர்களைக் கண்டபின் அக்கொடியின்முன் நிற்கும் மாணவருக்கு, விடுதலை என்னும் சொல்லின் பொருள் தானே விளங்கும்.