நம்பிக் கொடுத்த கப்பல்

அண்டை வீட்டாருக்கு நெல்லோ பொன்னோ கடனாகக் கொடுப்போர் பலர். படைக்கலத்தைக் கொடுப்பார் அரியர். தம்மீது மனக்கசப்புற்றிருப்பவர் கையில் கொடுப்பாரோ மிக அரியர். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்து அவ்வாறு கொடுத்த காவற் கப்பல் ஒன்றுண்டு.

1940 ஜூன் திங்களில் பிரான்சு ஜெர்மனிக்குப் பணிந்தது. பணிய மறுத்த வீரர் சிலர் தெ கோல் என்னும் தளபதியின் தலைமையில் இலண்டனில் திரண்டனர். பிரெஞ்சுக் கப்பல்கள் பகைவர் கைப்படுமோ என அஞ்சிய ஆங்கிலேயர், அல்ஜீரியக் கரையில் மெர்செல் கெபீர்த் துறையில் நின்ற பிரெஞ்சுக் கப்பற் படையை ஜூலை 3-ஆம் நாள் சுட்டனர். ஏறத்தாழ 1,300 பிரெஞ்சு மாலுமிகள் மாண்டனர். அப்புண் ஆறுமுன்னரே, 1941-இல், தாம் புதிதாகக் கட்டிய கப்பலை ஆங்கிலேயர் தெ கோலின் மாலுமிகளிடம் ஒப்படைத்தனர். தம்மிடம் ஆள் போதாமையாற் கொடுத்தனர் என்பாரும் உளர். அதுவும் உண்மையே. ஆயினும், ஆள் இல்லை என்பதற்காக ஐயத்திற்குரியவரிடம் பீரங்கியை எவரும் ஒப்புவியார்.

அக்கப்பலின் பெயர் அக்கோனித். அவ்வகைக் கப்பல்களுக்கு ஆங்கிலேயர் மலர்ச்செடிகளின் பெயரையே இட்டனர். நம் மருத்துவ நூல்கள் வச்சநாபி எனக் கூறும் நச்சுச் செடியின் இனம் இது. பகைவர்க்கு நஞ்சாகும் கலத்திற்குப் பொருத்தமான பெயர்தான்! திமிங்கில வேட்டைக் கப்பலின் அமைப்பைத் தழுவிக் கட்டியது. அலையில் மிக உருள்வது. அதன் வேகம் மணிக்கு 16 கடல்மைல். நீர்மேல் ஓடும் ஜெர்மானிய நீர்மூழ்கியோ அதனினும் விரைவுடையது. இத்தகைய சிறு கலங்களே அட்லாண்டிக் கடலில் உணவும் படைக்கலமும் ஏற்றிவந்த வணிகக் கப்பல்களைக் காத்தன.

1943 மார்ச்சுத் திங்களில் அத்தகைய வணிகக் கப்பற்கூட்டம் ஒன்றை அக்கோனித்தும், ஆர்வெஸ்டர் என்னும் ஆங்கில நாசகாரிக் கப்பலும் காத்து வந்தன. ஆர்வெஸ்டர் யூ-444 என்னும் நீர்மூழ்கியை மோதித் தானும் பழுதுற்றது. அடிபட்ட அந்நீர்மூழ்கியை அக்கோனித் மோதி மூழ்கடித்தது. பின்னர், 11-ஆம் நாள், ஓட இயலாது நின்ற ஆர்வெஸ்டரை யூ-432 என்னும் மற்றொரு நீர்மூழ்கி டார்ப்பிடோவால் பிளந்தது. அக்கோனித்தின் தலைவர் லெவாசர் விரைந்து வந்தார். ஒலியலைக் கருவியால் பகைவனைத் தேடிக் கண்டு, நீரடிக் குண்டுகளால் மேலெழச் செய்து, சுட்டும் மோதியும் அழித்தார். பின்பு, குளிர்கடலில் தத்தளித்த ஆங்கில மாலுமிகளையும், பகைவரில் எஞ்சியோரையும் தம் கப்பலில் ஏற்றினார்.

நீர்மூழ்கிகள் இரண்டை அழித்த செயலையே வரலாற்று நூலார் பெரிதாகப் போற்றுவர். யான் பெரிதெனக் கொள்வது அம்மீட்பையே. ஆங்கிலேயர் குண்டுக்குத் தம் நாட்டு மாலுமிகளைப் பறிகொடுத்து மூன்று ஆண்டும் நிரம்பாத நிலையில், ஆங்கிலேயரைக் கைகொடுத்துத் தூக்கியவர் அப்பிரெஞ்சுக்காரர்.

பிரான்சு அக்கப்பலுக்கு விடுதலைச் சிலுவை என்னும் உயர்ந்த விருதை வழங்கியது. 1947-இல் கப்பல், கொடுத்தவரிடமே திரும்பிச் சென்றது.