எழுதும் முன் காதால் கேளுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

பொருள்: ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டும் உச்சரிப்பும் – தொடர்பாக.
பார்வை: 1,018 ஊர்ப்பெயர்கள் குறித்து 2020-ல் வெளியிடப்பட்டுத் திரும்பப் பெறப்பட்ட அரசாணை.

நான் மல்லாங்கிணற்றுக்காரன். விருதுநகர் மாவட்டம், காரியாபட்டி வட்டம், திருச்சுழி சட்டமன்றத் தொகுதி. முகவரியை இப்படி நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த நான்கு பெயர்களில் விருதுநகர் மட்டும் எப்படியோ தப்பித்துக்கொள்ளும். மற்ற மூன்றையும் ஆங்கில எழுத்தில் மட்டும் பார்த்த வெளியூர்க்காரர் ஒருவர், சரியாக வாசித்து நான் கேட்டதில்லை.

பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். 2020 ஜூன் இரண்டாவது வாரம், கொரோனா ஊரடங்கு நேரம். 1,018 ஊர்களின் ஆங்கிலப் பெயரைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி உங்கள் துறை போட்ட அரசாணை வெளியே வந்தது. அதில் இருந்த தேதி ஏப்ரல் 1. (தேதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.) நோக்கத்தில் பழுதில்லை. எக்மோர் எழும்பூராக வேண்டும், டூட்டிகோரின் தூத்துக்குடியாக வேண்டும் என்பதில் யாருக்கு மறுப்பு? பட்டியலைப் பிரித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. வேலூரின் 'வே' நெடில் என்று காட்ட, ஆங்கில 'ஈ' எழுத்தை இரண்டு தரம் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்த எவரும் அதை 'வீலூர்' என்றுதான் வாசிப்பார். கோயம்புத்தூரில் 'ம்பு' வரும் இடத்துக்குப் 'பட்டாணி'யில் வரும் ப-வுக்கான எழுத்தைப் போட்டிருந்தார்கள். நம் வாயில் வருவதோ 'அம்பு'வில் வரும் ப. ஆங்கிலத்தில் அவை இரண்டும் வேறு வேறு எழுத்துகள். அவற்றின் பெயரைத் தமிழில் எழுதப் போனால் இரண்டுமே 'பி' ஆகிவிடுகின்றன. இந்த மடலிலும் அதே தொல்லைதான்.

ஜூன் 18-ம் தேதி அரசாணை திரும்பப் பெறப்பட்டது. அப்போது துறை அமைச்சராக இருந்த க. பாண்டியராஜன், 2011-ல் எங்கள் விருதுநகர்த் தொகுதியில் வென்று சட்டமன்றம் போனவர். வல்லுநர்களின் கருத்தைச் சேர்த்துத் திருத்திய பட்டியல் இரண்டு மூன்று நாளில் வரும் என்று அவர் நம்பிக்கை சொன்னார். அந்த இரண்டு மூன்று நாள் நீண்டுகொண்டே போய்விட்டது. அடுத்த ஆண்டு தமிழ் ஆட்சிமொழி, தமிழ்ப் பண்பாட்டுத் துறை எங்கள் ஊர்க்காரரான தங்கம் தென்னரசு பொறுப்புக்கே வந்தது. அரசியல் பேச இதைச் சொல்லவில்லை. இந்த விஷயம் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல என்று சொல்லவே சொல்கிறேன்.

இனி ஒரு பட்டியல் போடுவதாக இருந்தால், அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 2020-ல் நடந்த வாதம் முழுக்க எழுத்தைப் பற்றியது. எந்த ஒலிக்கு அந்த எழுத்து என்று முதலில் கேட்டு, பதிந்து, ஒரு இடத்தில் வைத்திருந்தால் பாதிச் சண்டை வந்தே இருக்காது.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ஏழு எழுத்து. ஆங்கிலத்தில் பன்னிரண்டு: எம், ஏ, எல், எல், ஏ, என், கே, ஐ, என், ஏ, ஆர், யு. எழுத்து கூடியிருக்கிறதே தவிர, விவரம் குறைந்துவிட்டது. 'ஏ' மூன்று இடத்தில் வருகிறது. முதலாவதும் கடைசியும் குறில், நடுவில் இருப்பது நெடில். நெடில் என்று சொல்ல அங்கே ஒரு அடையாளமும் கிடையாது. 'என்' இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று ங், மற்றது ண. 'கே' என்று எழுதிய இடத்தில் எங்கள் வாயில் வருவது 'மாங்காய்'க்குள் இருக்கிற மெல்லிய க. வெளிமாநிலத்திலிருந்து மாற்றலாகி வரும் வங்கி ஊழியர் 'மல்லன்-கினரு' என்கிறார். கைபேசி வரைபடத்தில் வழி சொல்லும் பெண்குரல் 'கினாரு' என்று ஒரு இழுப்பு இழுத்து முடிக்கிறது. இதற்கு வைத்தியமாக 'கே'யை 'ஜி' ஆக்கி, கடைசி 'யு'வை வெட்டிவிட்டு எழுதுகிறவர்களும் உண்டு. வாய்க்கு அது கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது, ஆனால் 'கிணறு' கினர் ஆகிவிடுகிறது. ஆதாரில் ஒரு விதம், மாற்றுச் சான்றிதழில் இன்னொரு விதம் என்று இருந்துவிட்டால், இரண்டும் ஒரே ஊர்தானா என்ற கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுக்க வேண்டிவரும். தொலைபேசியில் யாராவது எழுத்துக்கூட்டச் சொன்னால் 'எம் ஃபார் மெட்ராஸ்' என்று ஆரம்பிப்போம். மெட்ராஸ் 1996-லேயே சென்னையாகிவிட்டது. எம் எழுத்துக்கு அதுதான் இன்னும் துணை.

அக்கம்பக்கமும் இப்படித்தான். காரியாபட்டி ஆங்கிலத்தில் கரியபட்டி ஆகிவிடுகிறது. ஆவியூர் அவியூர். பந்தல்குடியில் 'ந்த'வும் 'ண்ட'வும் ஒரே மாதிரி எழுதப்படுவதால் பண்டல்குடி என்று ஒருவர் கேட்டால் அவர் மேல் குற்றமில்லை.

இதற்கெல்லாம் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது என்று அறிஞர்கள் சொல்வார்கள். 1924-லிருந்து 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, ஆங்கில எழுத்துக்கு மேலும் கீழும் கோடும் புள்ளியும் வைத்து ஒவ்வொரு தமிழெழுத்தையும் பிரித்துக் காட்டுகிறது. பிசகே இல்லாத முறைதான். ஆனால் அந்தப் புள்ளியை டவுன் பஸ் பலகையில் எழுதி, அதை ஒரு லாரி ஓட்டுநர் வாசிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இங்கே ஒரு முட்டுக்கட்டையும் உண்டு. அதை மறைத்தால் இந்த மடலுக்கு அர்த்தமில்லை. உச்சரிப்புப்படி எழுதுங்கள் என்கிறோம். யாருடைய உச்சரிப்பு? விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஆள் கூப்பிடும்போது 'மல்லாங்கெணறு, காரியாபட்டி ஏறு' என்பார். 'கிணறு' என்று அவர் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் மதுரை என்பது 'மருதை'. அதற்காக மதுரையை மருதை என்று எழுதச் சொன்னால் சும்மா விடுவார்களா?

திருச்சுழி இன்னும் வம்பு. 1879-ல் ரமணர் பிறந்த ஊர் என்பதால் எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து போகிறார்கள். பிரளய வெள்ளத்தை இறைவன் சூலத்தால் குத்திச் சுழித்து உள்ளே இறங்கச் செய்ததாகத் தலபுராணம். ஆகவே சுழி, சிறப்பு ழகரம். ஆங்கிலத்தில் அரசு எழுதுவது 'எல்' போட்டு. தமிழன்பர்களுக்கு இது கோபம் வரவேண்டிய இடம். ஆனால் எங்கள் வட்டாரத்தில் நாக்கு சுழிக்கிறவர்கள் குறைவு. வாழைப்பழம் 'வாளப்பளம்'தான், திருச்சுழி 'திருச்சுளி'தான். அதாவது எழுத்துக்குப் பொருந்தாத அந்த 'எல்', தற்செயலாக எங்கள் வாய்க்குப் பொருந்திவிட்டது! அதை எடுத்துவிட்டு ழகரத்துக்கு வழக்கமாகப் போடும் 'இசட்-எச்' போட்டீர்கள் என்று வையுங்கள். கனிமொழியை 'கனிமோஜி' ஆக்கிய வடநாட்டுச் செய்தி வாசிப்பாளர், இதைத் 'திருச்சுஜி' ஆக்குவார். ழகரத்துக்கென்று இந்தி எழுதும் தேவநாகரியில் புள்ளி வைத்த தனி எழுத்தே ஒருங்குறியில் இடம்பெற்றிருக்கிறது. எழுத்து இருந்தும் என்ன செய்ய, அந்த ஒலியை அவர் ஒரு தரம்கூடக் கேட்டதில்லையே.

கேட்டிருந்தால் எழுத்து எப்படி இருந்தாலும் வாய் சரியாக வரும் என்பதற்குத் தமிழர்களிடமே சாட்சி உண்டு. கனடாவில் இருக்கும் ஊரை நாம் டொராண்டோ என்று எழுதுகிறோம். அங்கேயே குடியிருக்கும் ஈழத்தமிழர்கள் ரொறன்ரோ என்று எழுதுகிறார்கள். அவர்கள் எழுத்தை நாம் வாசித்தால் அது வேறு ஏதோ ஊர். அவர்களில் யாரும் ரயிலில் ஏறும்போது தவறாகச் சொல்வதில்லை, ஏனென்றால் அந்தப் பெயரைத் தினமும் காதில் வாங்குகிறார்கள். இரண்டு எழுத்துமுறையில் எது சரி என்று நாம் மணிக்கணக்கில் சண்டை போடலாம். ஊருக்கு அதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

தீர்மானம் போட்டே உச்சரிப்பைத் தீர்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆர்கன்சா என்று ஒரு மாநிலம். எழுத்தைப் பார்த்தால் 'ஆர்கன்சஸ்' என்றுதான் வாசிக்கத் தோன்றும். அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களே ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கதை. 1881-ல் மாநில சட்டமன்றம் ஒரு தீர்மானம் போட்டது: கடைசி 'எஸ்' ஒலிக்காது, 'ஆர்கன்சா' என்பதே சரி. எழுத்தில் அவர்கள் கை வைக்கவே இல்லை. ஒரு பலகையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அயர்லாந்து இன்னும் நல்ல வேலை செய்தது. 2008-ல் அரசின் இடப்பெயர்ப் பிரிவும் டப்ளின் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து நாட்டின் ஊர்ப்பெயர்களை இணையத்தில் தொகுத்தார்கள். பெயரைத் தேடினால் ஐரிஷ் வடிவமும் ஆங்கில வடிவமும் வரும், பல பெயர்களுக்கு அருகிலேயே உச்சரித்துக் காட்டும் ஒலிப்பதிவும் இருக்கும். லண்டனில் பிபிசி 1926-லேயே உச்சரிப்புக்கென்று ஒரு குழு அமைத்தது. ஊர்ப்பெயரைத் தவறாகச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்று வானொலிக்காரர்களுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது.

இந்த வழியில் உங்களுக்கு நிர்வாக லாபமும் இருக்கிறது. ஊரின் பெயரையோ எழுத்தையோ மாற்ற வேண்டுமென்றால் கோப்பு டெல்லிக்குப் போக வேண்டும். உள்துறை அமைச்சகம் சம்மதிக்க வேண்டும். அதற்கு முன் ரயில்வே, அஞ்சல் துறை, சர்வே ஆஃப் இந்தியா என்று மூன்று இடத்தில் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் வாங்க வேண்டும். எல்லாம் முடிந்தாலும் பழைய பெயர் லேசில் போகாது. விருதுபட்டி 1923-ல் விருதுநகர் ஆனது. ரயில்வேயில் விருதுநகர் சந்திப்பின் குறியீடு நூறாண்டு தாண்டியும் 'வி.பி.டி.'தான், அந்தப் பட்டி இன்னும் டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஒலிப்பதிவுக்கு இந்த அலைச்சல் எதுவும் வேண்டாம். யார் கையெழுத்தும் தேவையில்லை, உங்கள் துறையே செய்துகொள்ளலாம். புதிய கலைச்சொற்களுக்குச் சொற்குவை என்று ஒரு தளம் உங்களிடம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-லிருந்து இருக்கிறது. ஊர்ப்பெயர் ஒலித்தொகுப்பு ஒன்றுக்கு அங்கே இடமில்லாமல் போகாது. வரைபடம் செய்கிற நிறுவனங்களும் ரயில், பேருந்து அறிவிப்புக்குக் குரல் கொடுப்பவர்களும் செய்தி வாசிப்பாளர்களும் அங்கே வந்து கேட்டுக்கொள்ளட்டும்.

எப்படிப் பதிவது என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். மைக்கை நீட்டி 'ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள்' என்றால் எங்கள் ஊரில் எல்லோருமே செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எழுத்து பிசகாமல் 'மல்-லாங்-கி-ண-று' வரும். அந்தப் பதிவும் வேண்டியதுதான், ஏட்டு வடிவம் என்று அதைத் தனியே வையுங்கள். பிறகு சும்மா பேச்சுக் கொடுங்கள். எந்த பஸ்ஸில் வந்தீர்கள், பெண்ணை எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் அந்தப் பக்கத்து ஊர்கள் வரிசையாக விழும், விழுகிற விதத்திலேயே பதியுங்கள். தலைமையாசிரியர் ஒருவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஆடு மேய்க்கிறவரும் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களும் பேசட்டும். கண்டக்டர்களை விட்டுவிடாதீர்கள், ஒரு நாளில் ஊர்ப்பெயர்களை அவர்களைவிட அதிகமாகச் சொல்கிறவர் யாரும் கிடையாது.

எது முறையான உச்சரிப்பு என்ற முடிவை அந்தந்த ஊரிடமே விடலாம். ஊராட்சிகளில் 2022-லிருந்து ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. ஒரு கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். நாங்கள் பேரூராட்சி என்பதால் எங்களுக்குப் பகுதி சபை. அதில் எழும் தகராறுக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. திருச்சுழியில் ஒரு கட்சி ழகரத்துக்கும் ஒரு கட்சி 'எல்'லுக்கும் நின்றால் இரண்டு ஒலியையும் ஏற்றுங்கள். தமிழெழுத்து ஒன்றே, அதை யாரும் மாற்றச் சொல்லப் போவதில்லை. ஆங்கில எழுத்தைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். அதையும் அரசாணை ஆக்கும் முன் ஒரு மாதம் அந்தந்த ஊர் அலுவலகத்தில் ஒட்டி வையுங்கள். 'வீலூர்' வேலூர்க்காரர் ஒருவர் கண்ணில் பட்டிருந்தால் அன்றைக்கே கிழிபட்டிருக்கும்.

வெள்ளோட்டத்துக்கு ஒரு இடம் வேண்டுமென்றால் காரியாபட்டி, திருச்சுழி வட்டங்களை எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய நகரம் எதுவும் குறுக்கே வராது, எழுத்துச் சிக்கலில் எல்லா வகையும் இங்கேயே கிடைக்கும். ஆள் அனுப்புவதானால் விதைப்பு நேரத்தையும் பங்குனிப் பொங்கல் நாட்களையும் தவிர்த்து அனுப்புங்கள். அப்போது யாரும் கையில் அகப்பட மாட்டார்கள்.

பதில் அனுப்பினால் உறையின் மேல் தமிழிலேயே முகவரி எழுதலாம். எங்கள் தபால்காரருக்கு அது போதும்.

இப்படிக்கு,
மல்லாங்கிணற்றுக்காரன் ஒருவன்